சீட்டன் ஆற்றின் வாசனைக் கணக்கு: மின் நிலையத்தின் வாசலில் தேங்கிய சாக்கை சால்மன்கள்

## நிகழ்வு என்ன

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், லிலுவெட் என்ற ஊரை ஒட்டி, 1956இல் ஒரு நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அதற்கான சிறிய அணையில் மீன்கள் ஏறிச் செல்ல ஏணியும் கட்டியிருந்தார்கள். ஆனால் கடலிலிருந்து முட்டையிடத் திரும்பி வந்த சாக்கை (sockeye) வகை சால்மன் மீன்களில் பல, அணையை எட்டுவதற்கு முன்பே வேறோர் இடத்தில் நின்றுவிட்டன. மின் நிலையம் தன் தண்ணீரை ஃப்ரேசர் ஆற்றில் கொட்டும் வாயில் அவை கூடிக் காத்துக்கிடந்தன. அங்கிருந்து மேலே போக வழி கிடையாது. டர்பைன்தான் இருக்கிறது.

அவற்றை அங்கே பிடித்து நிறுத்தியது அவை வளர்ந்த ஏரியின் வாசனை. அதைக் கண்டுபிடித்தது, அளந்தது, அந்த அளவை வைத்து ஓர் ஓடையின் தண்ணீரையே திருப்பிவிட்டது, அதற்குப் பின்னும் தீராமல் நின்றவை எவை என்பதெல்லாம் இந்த ஆய்வில் வருகின்றன. சம்பந்தப்பட்ட பொறியாளர்கள், உயிரியலாளர்கள், மீனவர்கள் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

## இடமும் தண்ணீரும்

ஃப்ரேசர் ஆறு பசிபிக் கடலில் சேரும் இடத்திலிருந்து 300 கி.மீ.க்கும் மேல் உள்ளே இருக்கிறது லிலுவெட். அதற்கு மேற்கே, மலைகளுக்கு நடுவில், நீளமான இரண்டு ஏரிகள். மேலே இருப்பது ஆண்டர்சன், கீழே இருப்பது சீட்டன். இரண்டையும் இணைக்கிறது போர்ட்டேஜ் ஓடை. ஆண்டர்சன் ஏரியின் மேல்முனையில் வந்து விழுகிறது கேட்ஸ் ஓடை. சீட்டன் ஏரியிலிருந்து வெளிவரும் சீட்டன் ஆறு சில கிலோமீட்டர் ஓடி ஃப்ரேசரில் கலந்துவிடும். அந்தக் குறுகிய ஓட்டத்துக்குள்ளேயே கயூஷ் என்ற மலையோடை பக்கத்திலிருந்து வந்து அதில் சேர்கிறது. இந்த நிகழ்வு முழுக்கக் கயூஷைச் சுற்றியே நகர்வதால் வாசகர் அந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த நீர்த்தொகுதியில் இரண்டு கூட்டச் சாக்கை சால்மன்கள் முட்டையிடுகின்றன. கேட்ஸ் ஓடைக்குப் போகிறவை ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் சீட்டன் ஆற்றில் ஏறும். போர்ட்டேஜ் ஓடைக்கு உரியவை செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை வரும். குஞ்சுகள் ஏரியில் ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, வசந்தத்தில் கடலுக்கு இறங்குகின்றன. பெரும்பாலானவை 4 வயதில் திரும்புகின்றன. ஆற்றுக்குள் நுழைந்த பிறகு அவை எதையும் உண்பதில்லை. உடலில் சேர்த்து வைத்த கொழுப்பும் தசையும்தான் ஏறுவதற்கும் முட்டை முதிர்வதற்கும் சேர்த்துச் செலவாகின்றன. ஆகவே வழியில் வீணாகும் ஒவ்வொரு நாளும் அந்தச் சேமிப்பிலிருந்தே போகிறது.

ஃப்ரேசர் சால்மன்களுக்கு ஏற்கெனவே ஒரு பேரிடி விழுந்திருந்தது. 1913-14இல் லிலுவெட்டுக்குக் கீழே, ஹெல்ஸ் கேட் என்ற குறுகலான பள்ளத்தாக்கில், ரயில் பாதைக்காக உடைத்த பாறைகள் ஆற்றில் சரிந்து மீன்களின் வழியை அடைத்தன. மேலாற்றுக் கூட்டங்கள் பல நொடிந்துபோயின. கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து 1937இல் அமைத்த சர்வதேச பசிபிக் சால்மன் மீன்வள ஆணையம், 1940களின் நடுவில் ஹெல்ஸ் கேட்டில் மீன் வழிகளைக் கட்டியது. அந்த இடுக்கைத் தாண்டி மேலே வர ஆரம்பித்த கூட்டங்களின் பாதையில்தான் பத்து ஆண்டுகளில் சீட்டன் அணை எழுந்தது.

இந்த ஆறுகள் ஓடும் இடம் ஸ்டாட்லியம் என்ற பழங்குடி மக்களின் பூர்வீக நிலம். கோடையில் ஃப்ரேசரின் பாறை விளிம்புகளில் நின்று வலையால் சால்மனை அள்ளி, கீறி, பள்ளத்தாக்கின் உலர்ந்த காற்றில் தொங்கவிட்டு உலர்த்துவது அவர்களுடைய தொன்மையான வழக்கம். மீன் வருவது குறைந்தால் முதலில் காலியாவது அவர்களுடைய உலர்த்தும் பந்தல்கள்.

இனி கட்டுமானத்தின் அமைப்பு. அணை சுமார் 7.6 மீட்டர் உயரம். ஏரித் தண்ணீரில் பெரும்பகுதியை 3.8 கி.மீ. நீளக் கால்வாய் ஒன்று ஃப்ரேசரின் கரையில் இருக்கும் மின் நிலையத்துக்குக் கொண்டுபோகிறது. டர்பைனைச் சுற்றிவிட்டு அந்தத் தண்ணீர் ஃப்ரேசரில் விழுகிறது. விழும் இடம், சீட்டன் ஆறு ஃப்ரேசரில் கலக்கும் முகத்துவாரத்துக்கு ஏறத்தாழ 500 மீட்டர் கீழே.

கடலிலிருந்து ஏறி வரும் மீனின் பக்கமிருந்து இதைப் பார்க்க வேண்டும். அது முதலில் சந்திப்பது மின் நிலையத்தின் வாயை. அங்கே வருவது கலப்பே இல்லாத சீட்டன் ஏரித் தண்ணீர். இன்னும் அரை கிலோமீட்டர் போனால்தான் உண்மையான வழியான சீட்டன் ஆறு. அங்கே வருவதோ ஏரித் தண்ணீரும் கயூஷ் தண்ணீரும் கலந்த கலவை. பெரும்பகுதி நீரைக் கால்வாய் இழுத்துக்கொண்டதால் ஆற்றில் ஏரித் தண்ணீர் குறைந்து, கயூஷின் பங்கு கூடியிருந்தது. பொய்யான வாசலில் வீட்டின் வாசனை முழுதாக வீசியது, மெய்யான வாசலில் நீர்த்துப்போயிருந்தது.

## மூக்கு செய்யும் வேலை

சால்மனின் மூக்கு தொண்டையோடு இணையாதது. மூச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு துளைகள் உண்டு. முன்துளை வழியாக நுழையும் தண்ணீர் பின்துளை வழியாக வெளியேறும். நடுவே இருக்கும் சிறு குழிக்குள், பூவிதழ்கள் போல மடிந்து மடிந்து அடுக்கிய மெல்லிய திசு இருக்கிறது. மீன் நீந்தும்போதெல்லாம் ஆறு அந்த மடிப்புகளை உரசிக்கொண்டே ஓடுகிறது. கரைந்திருக்கும் அமினோ அமிலங்கள் போன்ற பொருள்களை அங்குள்ள நரம்பணுக்கள் உணர்ந்துகொள்கின்றன. ஒவ்வோர் ஓடைக்கும் அதன் மண், பாறை, செடிகொடி, நுண்ணுயிர் ஆகியவற்றைப் பொறுத்துத் தனி வாசனை உண்டு.

இதை நிறுவியதில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹாஸ்லருக்கும் வாரன் விஸ்பிக்கும் பெரிய பங்கு. வாஷிங்டன் மாநிலத்தில் இஸ்ஸக்குவா ஓடையும் அதன் கிழக்குக் கிளையும் பிரியும் இடத்துக்கு மேலே, இரண்டு பக்கமும் ஏறிவிட்ட, கோஹோ என்ற வேறு வகையைச் சேர்ந்த 302 சால்மன்களைப் பிடித்து, பாதிக்கு மூக்கை அடைத்து, கவைக்குக் கீழே கொண்டுபோய் விட்டார்கள். மூக்கு திறந்திருந்தவை பெரும்பாலும் தாங்கள் முன்பு தேர்ந்த கிளைக்கே போயின. அடைக்கப்பட்டவற்றில் அந்தத் தெளிவு குலைந்தது. 1954இல் முடிவுகள் வெளியாயின. சீட்டன் நிலையம் ஓடத் தொடங்கியது அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து. அதற்குள் இந்த அறிவு அணை கட்டும் மேசைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பிரிட்டிஷ் கொலம்பியாவிலேயே அதே ஆண்டுகளில் இன்னொன்றும் தெரியவந்தது. மீன் ஏணியில் ஏறிக்கொண்டிருக்கும் சால்மன்களுக்கு மேலே, மனிதக் கையைக் கழுவிய தண்ணீரை ஊற்றினால் அவை மிரண்டு பின்வாங்கின. சில நிமிடங்களுக்கு ஏற்றமே நின்றது. கரடியின் பாதத்தைக் கழுவிய நீருக்கும் அதே மிரட்சி. தோலிலிருந்து கசியும் செரீன் என்ற அமினோ அமிலம் அதற்குக் காரணம் என்று பிறகு பிரித்துக் காட்டினார்கள். வாசனை மீனை அழைக்கவும் செய்யும், தடுக்கவும் செய்யும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

1970களில் மிச்சிகன் ஏரியில் நடந்த சோதனைகள் இதை முழுமையாக்கின. கடலுக்கு இறங்கும் பருவத்திலிருந்த கோஹோ குஞ்சுகளை, மார்ஃபொலின் என்ற வேதிப்பொருள் 2,000 கோடியில் 1 பங்கு கலந்த தண்ணீரில் வளர்த்து ஏரியில் விட்டார்கள். வளர்ந்து திரும்பும் பருவத்தில் அதே பொருளை ஓர் ஓடையில் கலந்தபோது, அவை அதுவரை பார்த்தே இராத அந்த ஓடையைத் தேடி வந்தன. இளமையில் பதிந்த வாசனை அத்தனை காலம் அழியாமல் இருந்திருக்கிறது. இந்தப் பதிவு வலுவாக விழும் காலம் தைராய்டு ஹார்மோன் உயரும் அந்த இறங்கு பருவம்.

திறந்த கடலில் பூமியின் காந்தப்புலமும் வழிகாட்டுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது, ஃப்ரேசர் சாக்கைகளிடமே இருக்கிறது. ஆனால் ஆற்றுக்குள் வந்த பிறகு எந்தக் கிளை தன்னுடையது என்று தீர்மானிப்பது மூக்குதான்.

## கண்டது

நிலையம் ஓடத் தொடங்கிய உடனேயே ஆணையத்தின் உயிரியலாளர்கள் அங்கே கண்காணிப்பை ஆரம்பித்தார்கள். முதல் அறிக்கை 1958இல் வந்தது. சாக்கைகள் மின் நிலைய வாயில் தங்கித் தாமதிக்கின்றன என்பது அப்போதே பதிவாகிவிட்டது.

ஆனால் ஏன் என்பதில் இரண்டு விளக்கங்களுக்கு இடமிருந்தது. ஒன்று, நீரோட்டம். ஏறும் சால்மன் இயல்பாகவே வலுவான ஓட்டத்தை எதிர்த்து நீந்தும். மின் நிலைய வாயில் ஓட்டம் வலுவாக இருக்கும். வாசனை எதுவாக இருந்தாலும் அது மீனை இழுக்கலாம். இன்னொன்று, வாசனை. வீட்டுத் தண்ணீர் அங்கே கலப்பில்லாமல் வருவதால் அவை அதை விட்டு நகர மறுக்கலாம்.

இந்த வேறுபாடு படிப்பறைச் சர்ச்சை அல்ல. ஓட்டம்தான் காரணம் என்றால், மின் நிலைய வாயில் தடுப்பு வைப்பதும் ஆற்று முகத்துவாரத்தில் ஓட்டத்தைக் கூட்டுவதும் போதும். எந்தத் தண்ணீரைக் கொண்டு கூட்டினாலும் சரி. வாசனைதான் காரணம் என்றால் கதை தலைகீழாகிறது. கயூஷில் வெள்ளம் வந்து சீட்டன் ஆறு பொங்கி ஓடினாலும், அந்தப் பெருக்கு மீனுக்கு உதவாது. வீட்டு வாசனை இன்னும் நீர்த்துப்போய் கேடாகவே முடியும். எவ்வளவு தண்ணீர் என்பதைவிட யாருடைய தண்ணீர் எத்தனை பங்கு என்பதே முக்கியமாகிறது. இந்த நிகழ்விலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் நான் சுட்டுவது இந்த இடத்தைத்தான்.

மேலும் ஒரு சிக்கல். 1948 முதல் அண்டைப் பள்ளத்தாக்கிலிருக்கும் பிரிட்ஜ் ஆற்றின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகச் சீட்டன் ஏரிக்குள் வந்துகொண்டிருந்தது. 1960இல் பிரிட்ஜ் ஆற்றில் பெரிய அணை முடிந்தபின் அந்த ஆற்றின் பெரும்பகுதி இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பனியாற்று வண்டல் கலந்த நீர் அது. ஆகவே "சீட்டன் ஏரித் தண்ணீர்" என்று நாம் சொல்வதே பழைய இயற்கைத் தண்ணீர் அல்ல. அதிலேயே வளரும் குஞ்சுகளுக்கு அந்தக் கலவைதான் வீடு என்பதால் அவை தப்பித்தன. பிரிட்ஜ் ஆற்றில் பிறக்கும் மீனுக்கோ, அதன் வீட்டுத் தண்ணீர் லிலுவெட்டுக்கு மேலே தன் இயற்கையான முகத்துவாரத்தில் மட்டுமல்லாமல், அதற்கு முன்பாகவே சீட்டன் மின் நிலைய வாயிலும் வருகிறது. அந்தக் குழப்பத்தின் அளவைத் தனியாக ஆராய வேண்டும். இந்த நிகழ்வில் அது ஓரத்தில்தான் வருகிறது.

## விகிதத்தைத் தேடிய சோதனை

ஆணையத்தின் ஆய்வாளர்கள் எடுத்த நல்ல முடிவு, மீனிடமே கேட்பது என்பது. ஏறி வரும் சாக்கைகளைப் பிடித்து, இரண்டு நீர்த்தாரைகள் வரும் தொட்டியில் விட்டு, எந்தத் தாரையை நோக்கிப் போகின்றன என்று பார்த்தார்கள். ஒரு பக்கம் கலப்பில்லாத சீட்டன் நீர். மறுபக்கம் சீட்டனும் கயூஷும் வெவ்வேறு விகிதத்தில். இப்படிச் செய்யும்போது ஓட்டத்தின் வேகம் என்ற காரணம் விலகிவிடுகிறது. மிஞ்சுவது வாசனை மட்டும்.

மீன்கள் தெளிவாகப் பதில் சொல்லின. கயூஷ் நீர் கணிசமாகக் கலந்த தாரையை விட்டுவிட்டுக் கலப்பில்லாத சீட்டன் நீரையே தேர்ந்தன. கயூஷின் பங்கைக் குறைத்துக்கொண்டே வந்தபோது ஒரு கட்டத்துக்குக் கீழே இரண்டுக்கும் வித்தியாசம் பார்ப்பதை நிறுத்தின. கேட்ஸ் கூட்டத்துக்கு அந்த எல்லை ஏறத்தாழ 20 சதவீதம். போர்ட்டேஜ் கூட்டத்துக்கு 10 சதவீதம்.

ஒரே ஏரி, ஒரே ஆறு, ஒரே இனம். ஆனாலும் இரண்டு கூட்டத்துக்கும் எல்லை ஒன்றல்ல. சால்மன்களை மொத்தமாக "மீன்" என்று கணக்கில் போடும் வழக்கத்துக்கு இது சரியான மறுப்பு. இலையுதிர்காலத்தில் வரும் போர்ட்டேஜ் கூட்டத்துக்கும் 20 சதவீதமே போதும் என்று விட்டிருந்தால், ஒரு கூட்டத்தைக் காப்பாற்றி இன்னொன்றைக் கைவிட்டிருப்பார்கள். அந்த ஆணையம் 1985இல் கலைக்கப்பட்டுப் புதிய ஒப்பந்தத்தின் கீழ் வேறோர் அமைப்பு வந்தது. சீட்டன் சோதனைகளின் முழு அறிக்கை 1989இல் வெளியானது.

## எடுத்த முடிவும் அதன் காரணமும்

கையிலிருந்த வழிகளை எடைபோட்டுப் பார்ப்போம்.

மீன் வரும் பருவத்தில் மின் நிலையத்தை நிறுத்திவிடலாம். வாயில் தண்ணீர் வராது, பொய்யான அழைப்பும் இருக்காது. மீனுக்கு இதைவிட நல்லது எதுவுமில்லை. ஆனால் இரண்டு கூட்டங்களின் பருவத்தையும் சேர்த்தால் ஜூலை முதல் நவம்பர் வரை பெரும்பகுதி அடங்கிவிடும். அவ்வளவு காலம் நிலையத்தைச் சும்மா போட யாரும் சம்மதிக்கப்போவதில்லை. மேலே பிரிட்ஜ் ஆற்றிலிருந்து வந்துகொண்டிருக்கும் நீரையும் எங்காவது விட்டாக வேண்டும்.

அணையிலிருந்து ஆற்றுக்குக் கூடுதல் ஏரித் தண்ணீரைத் திறந்துவிடலாம். இது வேலை செய்யும், ஆனால் கணக்கு கடுமையானது. கயூஷில் நொடிக்கு 5 கனமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 20 சதவீதத்துக்குள் அடக்க அணையிலிருந்து 20 கனமீட்டர் விட வேண்டும். 10 சதவீதத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் 45. எல்லையைப் பாதியாக்கினால் தேவை இரண்டு மடங்குக்கும் மேல் எகிறுகிறது. அப்படி ஆற்றில் விடும் ஒவ்வொரு கனமீட்டரும் டர்பைனுக்குப் போகாத நீர்.

மூன்றாவது வழி, கயூஷைக் குறைப்பது. கயூஷ் ஓடையின் தண்ணீரை அது ஆற்றில் சேருவதற்கு முன்பே மறித்து, சுரங்கம் வழியாகச் சீட்டன் ஏரிக்குள் திருப்பிவிடுவது. இதைத்தான் தேர்ந்தார்கள். சரியான தேர்வு என்றே நினைக்கிறேன், அதற்குக் காரணம் இரண்டு.

ஆற்றில் கயூஷின் பங்கு நேரடியாகக் குறைகிறது என்பது முதலாவது. இரண்டாவது இன்னும் நுட்பமானது. ஏரிக்குள் போன கயூஷ் நீர் ஏரியோடு கலந்து, கால்வாய் வழியாக மின் நிலைய வாய்க்கும் போகிறது, அணை வழியாக ஆற்றுக்கும் போகிறது. இரண்டு வாசலிலும் இப்போது ஒரே தண்ணீர். மீனைத் தடுமாற வைத்தது ஏதோ ஒரு கெட்ட வாசனை அல்ல, இரண்டு வாசலுக்கும் இடையே இருந்த வித்தியாசம். அந்த வித்தியாசத்தையே கரைத்துவிட்டது இந்தத் திருப்பம். கூடவே மின் நிறுவனத்துக்கும் கூடுதல் தண்ணீர் கிடைத்தது. பாதுகாப்பு நடவடிக்கையும் வருமானமும் ஒரே பக்கம் சேர்வது அரிது. சேர்ந்தால்தான் அது பல ஆண்டுகள் நீடிக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் கயூஷுக்கு இதனால் நேர்ந்ததை மறைக்கக் கூடாது. அதன் கீழ்ப்பகுதி தன் தண்ணீரின் ஒரு பங்கை இழந்தது. ஓர் ஓடையில் கட்டிய தவறுக்கு இன்னோர் ஓடை விலை கொடுத்தது.

இந்த எல்லைகள் பின்னர் 2011இல் அந்த நீர்த்தொகுதிக்கான நீர்ப் பயன்பாட்டுத் திட்டத்திலும் இடம்பெற்றன. கேட்ஸ் கூட்டம் வரும் பருவத்தில் சீட்டன் ஆற்றில் கயூஷின் பங்கு 20 சதவீதத்துக்குள், போர்ட்டேஜ் கூட்டத்தின் பருவத்தில் 10 சதவீதத்துக்குள். அதே 2011இல்தான் ஸ்டாட்லியம் மக்களுக்கும் மின் நிறுவனத்துக்கும் மாகாண அரசுக்கும் இடையே, நெடுநாள் மனக்குறைகள் தொடர்பான உடன்பாடும் கையெழுத்தானது.

## அதன் பின் நடந்தது

எல்லை எழுத்தில் ஏறியதோடு விட்டுவிடாமல், அது உண்மையில் வேலை செய்கிறதா என்று தொடர்ந்து பார்க்க ஏற்பாடு செய்தார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களும் ஸ்டாட்லியம் சமூகத்தின் மீன்வளப் பணியாளர்களும் சேர்ந்து பல பருவங்கள் வேலை செய்தார்கள். மீனைப் பிடித்து, சிறிய ரேடியோக் கருவியை வாய் வழியாக வயிற்றுக்குள் இறக்கிவிடுவார்கள். அது இனி எதுவும் தின்னப்போவதில்லை என்பதால் இது சாத்தியமாகிறது. கரையோரம் வரிசையாக நட்ட வாங்கிகள் அதன் பயணத்தைக் குறித்துக்கொண்டே வரும். மின் நிலைய வாயில் எவ்வளவு நேரம், முகத்துவாரத்தில் எப்போது, அணையடியில் எப்போது, ஏணியைத் தாண்டியதா, முட்டையிடும் ஓடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எல்லாம் தெரிந்துவிடும்.

அவர்கள் தொட்டியோடு நிற்கவில்லை. ஆற்றிலேயே ஏரி நீருக்கும் கயூஷ் நீருக்குமான விகிதத்தை வேண்டுமென்றே மாற்றி மாற்றி வைத்து, ரேடியோக் கருவியுடன் போகும் மீன்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்தார்கள். ஒரு முழு ஆற்றின் வாசனையை மாற்றிச் செய்த சோதனை அது. முடிவுகள் 2018இல் வெளியாயின. தொட்டியில் மீன் சொன்ன பதில் ஆற்றிலும் பொருந்தியது. விகிதம் மாறினால் மேல்நோக்கிய பயணமும் மாறியது.

ஆனால் இந்தக் கண்காணிப்பு எதிர்பாராத இன்னொன்றையும் வெளியே கொண்டுவந்தது. வாசனைத் தடையைத் தாண்டிச் சரியாக அணைக்கு வந்த மீன்களிலும் ஒரு பகுதி முட்டையிடும் ஓடையை எட்டவில்லை. அணைக்குக் கீழே விடப்பட்டு ஏணியைக் கடந்தவை, மேலேயே விடப்பட்டவற்றைவிட அதிகமாக இறந்தன. பெண் மீன்கள் ஆண்களைவிட அதிகம் இறந்தன. ஏணியைத் தாண்டியது வெற்றி என்று கணக்கெழுதிய பிறகு ஏரியில் நிகழ்ந்த இறப்பு இது.

காரணத்தைத் தேட, நீந்தும் வேகத்தையும் உடல் அசைவையும் பதிவு செய்யும் கருவிகளைப் பொருத்தினார்கள். ஏணியின் நுழைவாயிலுக்குப் பக்கத்திலேயே அணையிலிருந்து பாய்ந்து விழும் நீர், மீன்களை ஆக்சிஜன் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் பாய வைத்தது. அப்படித் திரும்பத் திரும்பப் பாய்ந்தவை, ஏணியில் ஏறிப் போனாலும், பிறகு இறக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. அதே அளவு நீரை நுழைவாயிலைவிட்டுத் தள்ளி இருக்கும் வேறு மதகு வழியாக விட்டுப் பார்த்தார்கள். அப்படிப் பாய்வது குறைந்தது. முட்டையிடும் ஓடைக்குப் போய்ச் சேர்ந்தவை கூடின. புதிதாக ஒன்றையும் கட்டாமல், எந்த மதகைத் திறப்பது என்பதை மாற்றியதிலேயே கிடைத்த பலன் இது.

வாசனையைப் பற்றிய இன்னொரு கண்டுபிடிப்பும் அதே காலத்தில் வந்தது. வீட்டு வாசனை கிடைக்காதபோது சாக்கைகள் தம் இன மீன்களின் வாசனையை நோக்கிப் போகின்றன. இது எனக்குக் கவலை தருகிறது. மின் நிலைய வாயில் ஏற்கெனவே ஒரு கூட்டம் தேங்கியிருந்தால், அந்தக் கூட்டத்தின் வாசனையே பின்னால் வருகிறவற்றையும் அங்கே நிறுத்தக்கூடும். தேக்கம் தேக்கத்தை வளர்க்கும் இந்த வாய்ப்பைத் தாமதக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

## மாற வேண்டியவை

இன்று இதே போன்ற அணை திட்டமிடப்பட்டால், முதலில் மாற வேண்டியது மின் நிலைய வாயின் இடம். சீட்டனில் அது முகத்துவாரத்துக்கு 500 மீட்டர் கீழே அமைந்தது. வீட்டு நீரைக் கொட்டும் வாய் உண்மையான வழிக்குக் கீழே இருக்கக் கூடாது. மேலே இருந்தால் மீன் முதலில் சரியான ஆற்றைச் சந்திக்கும். நிலத்தின் அமைப்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றால், கட்டுவதற்கு முன்பே எந்த ஓடையின் நீர் எங்கே எத்தனை பங்கு கலக்கும் என்ற கணக்கும், அந்தந்தக் கூட்ட மீன்களை வைத்துச் செய்த தேர்வுச் சோதனையும் மேசையில் இருக்க வேண்டும். சீட்டனில் அணை எழுந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் 20, 10 என்ற எண்கள் கிடைத்தன. சாக்கைக்கு 4 ஆண்டுகள்தான் ஒரு தலைமுறை. அந்தத் தாமதத்தில் எத்தனை தலைமுறை போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

எல்லையைப் பருவத்தின் சராசரியாகப் பார்க்காமல் நாள்தோறும் பார்க்க வேண்டும். இலையுதிர்கால மழையில் கயூஷ் ஓரிரு நாளில் பெருகிவிடும். மாதச் சராசரி 10 சதவீதத்துக்குள் இருந்தாலும், அந்த இரண்டு நாளில் முகத்துவாரத்தில் நின்ற மீன்களுக்கு அந்தச் சராசரியால் எந்தப் பயனும் இல்லை.

இறங்கிப் போகும் குஞ்சுகளையும் இதே கேள்விக்குள் கொண்டுவர வேண்டும். டர்பைனில் அடிபடுவதைக் குறைக்க, வசந்தத்தில் அவை இறங்கும் வாரங்களில் இரவு நேரங்களில் மின் நிலையத்தை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. உயிர்ச்சேதத்தைக் குறைக்கவே அது கொண்டுவரப்பட்டது. ஆனால் வாசனைப் பக்கமிருந்தும் அதற்கு ஒரு பொருள் உண்டு. கால்வாய் வழியாக இறங்கும் குஞ்சு, கயூஷ் கலந்த சீட்டன் ஆற்றின் கீழ்ப்பகுதியைத் தொடாமலேயே ஃப்ரேசருக்குள் போய்விடுகிறது. ஆறு வழியாக இறங்கும் குஞ்சு, அந்தக் கலவையையும் மோந்துகொண்டு போகிறது. வாசனை பதியும் அதே வாரங்களில் எந்த வழியாக இறங்கியது என்பது, திரும்பி வரும்போது எந்த வாசலில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறதா? குஞ்சுகளை வழிவாரியாக அடையாளமிட்டு அனுப்பி, வளர்ந்து வருகிறவற்றை மின் நிலைய வாயிலும் முகத்துவாரத்திலும் எண்ணினால் பதில் கிடைக்கும். நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டிய ஆய்வு, செலவும் அதிகம். ஆனால் கயூஷைத் திருப்புவதற்கும் கூடுதல் நீர் விடுவதற்கும் ஆண்டுதோறும் ஆகும் விலையோடு ஒப்பிட்டால் அதைச் செய்துவிடுவதே நல்லது. அதோடு, இறங்கும் பருவத்தில் ஆற்று வழிக்கே கூடுதல் நீரை விட்டு அதிகக் குஞ்சுகளை அந்தப் பக்கம் அனுப்ப முடிந்தால், அந்த ஆய்வையும் அப்போதே தொடங்கிவிடலாம்.